நாற்காலியைத் தொட்டுப் பார்ப்பவள்

பேச்சியம்மாள் முதலில் நாற்காலியைத்தான் தொட்டுப் பார்க்கிறாள். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும், திரையில் யாரோ ஒரு வாடிக்கையாளரின் பதிவு பாதியில் திறந்து கிடக்கும், எதிரே ஆள் இருக்காது. காய்ச்சல் பார்ப்பதுபோல இருக்கையில் புறங்கையை வைப்பாள். சூடு இருந்தால் ஆள் டீ குடிக்கத்தான் போயிருக்கிறார், கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஆறிப்போயிருந்தால் சாப்பாடு, தொழுகை, அல்லது வீட்டுக்கே கிளம்பியாயிற்று.

மயிலாப்பூர் குளத்துக்குப் பின்பக்கம், ஒரு மருந்துக்கடையின் மாடியில் அவள் வேலை பார்க்கும் கம்பெனி. கடைகளுக்கு மென்பொருள் செய்து கொடுத்துப் பராமரிப்பது தொழில். ஒரு கடையின் விவரமெல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். எல்லா மாடியிலிருந்தும் அதைத்தான் திறப்பார்கள். ஒருவர் ஒரு பதிவைத் திருத்தத் திறந்துவிட்டால், அவர் மூடும்வரை மற்றவர்கள் பார்க்கலாமே தவிர கைவைக்க முடியாது. "வேறொருவர் பயன்படுத்துகிறார்" என்று திரை சொல்லும். யார் என்று சொல்லாது. கம்ப்யூட்டரின் எண் தெரியும்தான். ஆனால் ஆடித் தள்ளுபடிக்கு ஒருமுறை, தீபாவளிக்கு ஒருமுறை என்று மேசைகளை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும் தி.நகர் கடைகளில் அந்த எண் எந்த மாடியில் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்தத் தொடர்பைத் துண்டித்துவிடலாம். கம்பெனியில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். அப்படித் துண்டித்தால், திறந்து வைத்தவர் அடித்து முடித்துச் சேமிக்காமல் வைத்திருந்தது அத்தனையும் போய்விடும். அதனால் பேச்சியம்மாள் படியேறித் தேடுகிறாள். ஆளைக் கண்டுபிடித்ததும் திட்டுவதில்லை. "பஸ்ல துண்டைப் போட்டுட்டு எறங்கிப் போயிட்டா எப்படிக்கா? மத்தவங்க நின்னுக்கிட்டே வராங்கல்ல" என்பாள். அவர்களும் சிரித்துக்கொண்டே வந்து மூடிவிடுவார்கள்.

அவள் அப்பா வைரவன் ரங்கநாதன் தெருவில் ஒரு பாத்திரக் கடையில் விற்பனையாளர். நாள் முழுக்க நிற்கும் வேலை. முதலாளி வந்தால், நின்றுகொண்டிருப்பவர் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார். மகள் பட்டம் வாங்கி என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல பூட்டு விழுந்துரும்லா, அதைத் தொறக்கா" என்று பெருமையாகச் சொல்லுவார். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்.

அப்பாவின் நிமிர்வு அவள் உடம்பிலும் இருக்கிறது. மேலதிகாரி யார் வந்தாலும் எழுந்துவிடுவாள். ஒருமுறை மேசைக்கடியில் ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தபோது எழுந்து தலையில் இடித்துக்கொண்டாள். "என்ன பேச்சி, ஸ்கூல் பொண்ணாட்டம் எழுந்துண்டே இருக்கே? உக்காரு" என்பார் அவளுடைய மேலாளர் ஸ்ரீஹரி. உட்காருவாள். அடுத்த முறை அவர் வரும்போது எழுந்து நிற்பாள். இது மரியாதையா, பயமா என்று வீடு திரும்பும் பஸ்ஸில் யோசிப்பாள். படித்தால் போய்விடும் என்று நினைத்திருந்தாள்.

இந்த ஆவணியில் தி.நகர் கல்யாணத் துணிக்கடை ஒன்றிலிருந்து அழைப்பு. ரவிக்கை தைத்துக் கொடுக்கும் பிரிவு. கீழே டெலிவரி கவுன்ட்டரில் சந்திரிகா என்ற அம்மாள் மகளின் முகூர்த்த ரவிக்கைக்காகக் குரலை உயர்த்திக்கொண்டிருந்தார். துணி தயார், மகள் பூஜாவின் பதிவுதான் பூட்டிக்கொண்டிருந்தது. கொடுத்தாயிற்று என்று அதில் குறிக்காமல் பை வெளியே போகாது.

மேனேஜர் கருணாகரனுக்கு முகம் சிவந்திருந்தது. "எவன் தொறந்து போட்டான்னு பேரை மட்டும் சொல்லு தாயி, மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

பேச்சியம்மாள் மாடி மாடியாக ஏறினாள். ஐந்தாவது மாடி அளவெடுக்கும் அறையில் அந்தப் பதிவு திறந்திருந்தது. நாற்காலி சில்லென்று இருந்தது. ஆனால் ஆள் பக்கத்திலேயே நின்றிருந்தார். கழுத்தில் டேப்போடு, மேசையைக் காவல் காப்பதுபோல அஸ்மத்துன்னிசா.

"ஒக்காரலையா ஆன்ட்டி?"

"ஒக்காந்தா கை சும்மா கீதா? எதையாவது தட்டித் தொலைக்கும்."

"இந்தப் பதிவை மூடணுமே. கீழ சண்டை நடக்குது."

"தெரியும்மா. மூட முடியாது." அவர் குரலைத் தாழ்த்தினார். "அளவு எடுக்க சொல்ல அந்தப் பொண்ணோட அம்மா கூடவே நின்னுகினு, 'இழுத்துப் புடிங்க, கல்யாணத்துக்குள்ள இளைச்சிடுவா'ன்னுச்சு. நானும் புடிச்சேன். இன்னிக்கிக் காலைல பொண்ணு போன் பண்ணுது. 'ஆன்ட்டி, நான் இளைக்கவே இல்ல. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, லூஸ் பண்ணிக் குடுத்துடுங்க'ன்னு அழுவுது. புது அளவு அடிச்சுட்டேன். சேவ் பண்ணாதான் தையல்காரன் பிரிப்பான். சேவ் பண்ணா செவப்பு வரும். பண்ணாம மூடினா, கீழ அந்த ரவிக்கையைத் தூக்கிக் குடுத்துடுவாங்க. முகூர்த்தத்துல அதுல பொண்ணு கையே நுழையாது. இன்னா பண்றது, நீயே சொல்லு."

சிவப்பு என்றால் என்ன என்று பேச்சியம்மாளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சேமித்த அளவை மறுபடி திருத்தினால், அந்த வரி சிவப்பாகித் திருத்தியவர் பெயரோடு மேனேஜர் பார்வைக்குப் போகும். கருணாகரன் கேட்டு, அவள் கம்பெனி செய்து கொடுத்தது. எந்தச் சிவப்பு என்று தேர்ந்தெடுத்தவள் அவள்தான். கண்ணில் பளிச்சென்று படவேண்டும் என்று மெனக்கெட்டிருந்தாள்.

"எனக்கு இந்த மாசம் ரெண்டு வந்துட்ச்சு. மூணாவது வந்தா ஊட்டுக்குப் போன்னுட்டாரு. கல்யாணப் பொண்ணுங்க உடம்பு இன்னா செவுத்துல அடிச்ச ஆணியா, அப்டியே நிக்க?"

பேச்சியம்மாள் ஸ்ரீஹரிக்குப் போன் செய்தாள். "சார், திருத்தினா சிவப்பா காட்டுறதை எடுத்துடலாமா? அளவு மாறுறது தப்பு இல்ல சார்."

"அவா கேட்டா, நாம பண்ணிக் குடுத்தோம். எடுக்கணும்னா அவாளே கேக்கட்டும். நீ கட் பண்ணிட்டுக் கிளம்பு பேச்சி. அடையாறுல லேப்காரா காத்துண்டிருக்கா."

கட் பண்ணலாம். பதிவு விடுபடும், கீழே சத்தம் அடங்கும், அவள் வேலை முடிந்தது என்று எழுதிவிடலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள். பூட்டைத் திறப்பதுதான் தன் வேலையா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். இந்த ஒரு சிவப்பைத் தள்ளிவிட்டால் அடுத்த வாரம் இன்னொன்று வரும் என்பதும் தெரிந்தது.

"ஆன்ட்டி, புது அளவைச் சொல்லுங்க. மனசுல இருக்கில்ல?"

"விரல்லயே கீது."

"சேவ் பண்ணாம மூடுங்க."

அஸ்மத்துன்னிசா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து மூடினார். பேச்சியம்மாள் அந்தச் சில்லிட்ட நாற்காலியில் உட்கார்ந்து, பராமரிப்புக்கென்று தனக்குக் கொடுத்திருந்த கணக்கில், தன் பெயரில், உள்ளே நுழைந்தாள். கீழே யாரும் முந்திக்கொள்வதற்குள் அதே பதிவைத் திறந்தாள். கடையின் விவரங்களில் பராமரிப்புக்கு வருபவர்கள் கைவைக்கக் கூடாது. வைத்தால் வேலை போகும். அது கம்பெனி விதி. அஸ்மத்துன்னிசா சொல்லச் சொல்ல, கைச்சுற்று, தோள், மார்பு என்று ஒவ்வொன்றாக அடித்தாள்.

"உனுக்கு எதுக்கும்மா இந்த வேலை?"

"துண்டைத்தான் எடுத்தேன் ஆன்ட்டி. எடம் உங்களுதுதான்."

சேமித்தாள். வரி சிவந்தது. 'திருத்தியவர்: பேச்சியம்மாள் வை.' ரவிக்கையைத் தையலுக்குத் திருப்பி அனுப்பும்படி டெலிவரி கவுன்ட்டருக்குத் தானாகவே தகவல் போயிற்று.

லிஃப்ட் கதவு திறந்தது. கருணாகரன் வேகமாக வந்தார். "டெலிவரியை நிறுத்தி வச்சாச்சாம்லா? முகூர்த்தத் துணியில எவன் கைவச்சான்? யாரு சீட்டு இது?"

அஸ்மத்துன்னிசாவின் கை கழுத்து டேப்பை இறுகப் பிடித்தது. பேச்சியம்மாளின் பாதங்கள் பழக்கத்தில் தரையில் ஊன்றி, முழங்கால்கள் எழ ஆயத்தமாயின. அவள் இரண்டு கைகளாலும் இருக்கையின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள்.

"பேரு திரையில இருக்கு சார். வந்து பாருங்க" என்றாள்.

அவர் நெருங்கி வந்து தலைக்கு மேலே நின்றபோது, நாற்காலியை மேசைக்கு இன்னும் கொஞ்சம் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.