ஒதுக்கத்துக்கு மார்க் போட்ட தெரு

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டுப் பிழைத்தவர்களுக்குத்தான் தெரியும், நாய்க்கடியை விடப் பெரிய தொல்லை மரியாதையான பதில்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நெய்வேலிப் பக்கம் ஒரு தொழுநோய்த் திட்டத்தில் எனக்கு அந்த வேலை. குணமானவர்களை ஜனங்கள் எவ்வளவு ஒதுக்குகிறார்கள் என்று அளக்க வேண்டும். துணியா, முழம் போட? எங்கள் டாக்டர் நாலு கேள்வி கொடுத்தார். குணமானவர் பக்கத்து வீட்டில் குடியிருக்கலாமா? அவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பீர்களா? உங்கள் குழந்தை அவர் குழந்தையோடு விளையாடலாமா? வீட்டு விசேஷத்துக்கு அவரைக் கூப்பிடுவீர்களா? "இல்லை" என்றால் ஒரு மார்க். மார்க் ஏற ஏறத் தெரு மோசம். பூஜ்யம் வாங்கிய தெரு உத்தமமான தெரு.

இதில் நான் சொல்லப் போவது அஞ்சலைக்காக அளந்த தெருவைப் பற்றி. அஞ்சலை காடாம்புலியூர்க்காரி. புருஷன் கோவிந்தன் மைன்ஸில் பர்மனெண்ட், கம்பெனி குவார்ட்டர்ஸில் வீடு. வியாதி சுத்தமாகக் குணமாகி, வலது கையில் இரண்டு விரல் மட்டும் மடங்கினபடி நின்றுவிட்டது. அவளை ஊருக்கு வெளியே ஒரு இல்லத்தில் வைத்திருந்தார்கள். மகள் செல்வி பண்ருட்டியில் நாத்தனார் வீட்டில் வளர்ந்தாள். அம்மா குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினால் பிள்ளையும் திரும்பும். தெரு குறைந்த மார்க் வாங்கினால் அனுப்பிவிடலாம் என்றார் டாக்டர்.

மச்சான்

குவார்ட்டர்ஸில் கையில் அட்டையும் பேனாவுமாக ஒருத்தி வந்து நின்றால் ஜனங்களுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். உள்வாடகைக்கு ஆள் வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வந்திருக்கிறாள். நான் தண்ணீர் டம்ளரைப் பற்றிக் கேட்பேன், அவர்கள் கண் பின்கட்டுக்குப் போகும். அங்கே யாரோ சட்டென்று கதவைச் சாத்துவார்கள்.

கோவிந்தன் வீட்டு வரிசையில் முதல் வீட்டுக்காரர் என் கேள்வி எதையும் காதில் வாங்கவில்லை. நாலுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்றார். நான் படியிறங்கியதும் பின்னாலேயே வந்து குரலைத் தாழ்த்தி, "உள்ள படுத்துகினு இருக்கிறது என் மச்சானுங்க, ஊர்லேருந்து சும்மா பாக்க வந்தாரு, நாளைக்குப் போயிடுவாரு" என்றார்.

பகலில் தூங்கும் வரிசை

இதைப் படிக்கிறவர்களில் நைட் ஷிஃப்ட் குடும்பங்களில் வாழ்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெயில் கொளுத்தும் பதினோரு மணிக்கு அந்த வரிசை செத்த மாதிரி கிடக்கும். ஜன்னல்களில் பேப்பர் ஒட்டியிருக்கும். குழந்தைகள்கூட ஜாடையில்தான் சண்டை போடும். தூரத்தில் மண் தோண்டும் இயந்திரத்தின் முனகல் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் அது வெளியே கேட்கிறதா நம் தலைக்குள் கேட்கிறதா என்று சந்தேகம் வந்துவிடும்.

நானும் கிசுகிசுத்தேன், அவர்களும் கிசுகிசுத்தார்கள். வீட்டுக்கு வீடு அதே பதில். "அதுக்கென்ன, தாராளமா." அடுத்த வீட்டிலும் "அதுக்கென்ன, தாராளமா." ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி கேட்டிருக்க வழியில்லை, அவ்வளவு சன்னமான குரல். எனக்கு முன்னால் யாரோ போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

கோவிந்தன் வீட்டுக்கு அடுத்த வீடு கோமதி அக்கா, திருநெல்வேலிக்காரர். என்னை அங்கே எல்லாரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். நான் மூன்றாவது கேள்விக்கு வாயைத் திறக்கும் முன்பே கையமர்த்தினார். "எல்லாத்துக்கும் சரின்னே எழுதிக்கோங்க டீச்சர், அவுக இப்பதான் கண்ணசந்திருக்காக."

உத்தமமான தெரு

வரிசை முழுக்கப் பூஜ்யம். டாக்டர் சந்தோஷத்தில் எல்லாருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார். "இத்தனை பேரில் ஒருத்தராவது முகம் சுளித்திருக்க வேண்டும் சார், சுளிக்காததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது" என்றேன். அவர் நல்ல மனிதர். நிஜமாகவே யோசித்துப் பார்த்தார்.

"ஏம்மா, ஜனங்க நல்லவங்களா இருந்தா அதுக்குமா பயப்படுவே?"

ஒரு டம்ளர் தண்ணீர்

அஞ்சலை வந்தாள். செல்வியும் வந்தாள். முதல் வாரம் போய்ப் பார்த்தேன். பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். மடங்கிய விரல்களுக்கு நடுவே சீப்பைச் செருகியிருந்தாள்.

அடுத்த முறை போனபோது கோமதி அக்கா வாசலில் லாரி. புது பிளாக்கில் வீடு கேட்டு எழுதிப்போட்டு வாங்கிவிட்டாராம். பையனுக்குப் பள்ளிக்கூடம் கிட்டமாம். பீரோவை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். கோமதி அக்கா வாங்கி, நின்றபடியே கடைசிச் சொட்டு வரை குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைத்தான் பார்த்தார், அஞ்சலையைப் பார்க்கவில்லை.

"பாத்தீகல்லா டீச்சர், நீங்க கேட்ட அன்னைக்குச் சொன்னாப்லதான் செஞ்சிருக்கேன்."

சாவி

பிறகு ஒவ்வொரு வீடாகக் காலியானது. சண்டை இல்லை, முணுமுணுப்பு இல்லை. ஒருவருக்கு வாஸ்து, ஒருவருக்கு மாமனாரின் மூட்டுவலி, மச்சான் வீட்டுக்காரருக்கு மார்க்கெட் தூரம். போகும்போது ஒவ்வொருவரும் அஞ்சலையிடம் சொல்லிக்கொண்டுதான் போனார்கள். புதிதாக வீடு ஒதுக்கப்பட்டவர்கள் சாவியோடு வருவார்கள், முனையில் இருந்த டீக்கடையில் ஒரு டீ குடிப்பார்கள், வரிசைக்குள் நுழையாமலே திரும்பிப் போவார்கள். கடைக்காரரிடம் என்னதான் சொல்கிறீர் என்று சண்டைக்கே போனேன். அவர் தலையிலடித்துச் சத்தியம் செய்தார்.

"நான் ஒன்னியும் சொல்றதில்லீங்க, பக்கத்துல யாரு இருக்காங்கன்னு கேப்பாங்க, இல்லத்துலேருந்து வந்த அம்மா, நல்ல ஜனந்தான்னு சொல்வேன், அவ்ளோதாங்க."

ஈரப் புடவை

திட்டத்தில் மறு அளவு என்று ஒன்று உண்டு. அதே தெரு, அதே கேள்வி. டாக்டர் என்னைத்தான் அனுப்பினார். காலை வெயில் ஏறியிருந்தது. வரிசைக்குள் நுழைந்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. எல்லா வாசலிலும் தண்ணீர் தெளித்துக் கோலம். எல்லா வீட்டுக் கொடியிலும் புடவை. ஜனங்கள் திரும்பி வந்துவிட்டார்கள்!

முதல் வீட்டைத் தட்டினேன், பதில் இல்லை. நைட் ஷிஃப்டாக இருக்கும் என்று மெதுவாகத் தட்டினேன். இரண்டாவது வீட்டிலும் அப்படியே. ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். வெறும் தரை, அதில் பழுப்பு நிலக்கரித் தூசி ஒரு காலடிகூடப் படாமல் படிந்திருந்தது. திரும்பிக் கோலத்தைப் பார்த்தேன். பக்கத்துக் கோலத்தையும் பார்த்தேன். வளைவு வரும் இடத்தில் எல்லாக் கோலத்திலும் இழை ஒரே மாதிரி கோணியிருந்தது. புடவைகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் அஞ்சலை உடுத்தி நான் பார்த்த புடவைகள். ஓடிப்போய்விடலாமா என்றிருந்தது.

கடைசி வாசலில் அஞ்சலை கோலப்பொடிக் கிண்ணத்தோடு குனிந்திருந்தாள். வீட்டுக்குள் செல்வி இல்லை. ஆள் அண்டாத இடத்தில் பொம்பளைப் பிள்ளையை விடமாட்டேன் என்று நாத்தனார் பண்ருட்டிக்கே கூட்டிப் போய்விட்டாராம். கோவிந்தன் ஒரு வார்த்தை மறுக்கவில்லையாம்.

"ஞாயித்துக்கெழமை புள்ளைய காட்றதுக்கு இட்டுகினு வராங்க டீச்சர்" என்றாள் அஞ்சலை. "தெருவுல ஜனம் இருக்கிறாப்ல தெரிஞ்சா வுட்டுட்டுப் போவாங்க."

அட்டையைப் பைக்குள் திணித்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பொடியை அள்ளி அடுத்த இழையைத் தொடங்கினாள். என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

"ஒருத்தராவது மூஞ்சிக்கு நேரா வாணாம்னு சொல்லியிருந்தா காலப் புடிச்சாவது கெஞ்சியிருப்பேன், எல்லாரும் சிரிச்சிகினே இல்ல போனாங்க."

என்னோடு இந்தத் தொழிலில் அலைந்தவர்களே, "இல்லை" என்று சொல்கிறவர்களோடு வாசலில் நின்று வாதாடலாம், "தாராளமா" என்று சொல்லிவிட்டுப் போனவர்களை எந்த பஸ் ஏறிப் போய்ப் பிடிப்பது?