வத்தல் குடோனுக்கு மேலே பிராட்பேண்ட்

போன மாதம் நான் ஊருக்கு வந்திருந்தபோது, எங்கள் விருதுநகர் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு கொடுக்க ஓர் இளைஞர் வந்தார். அம்மா டீ போட்டு எடுத்து வருவதற்குள் வேலையை முடித்துவிட்டார். சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டினார், பச்சை விளக்கு எரிந்தது, "பாஸ்வேர்டு பெட்டிக்கு அடியில ஒட்டியிருக்குக்கா" என்றார், வண்டியைக் கிளப்பிவிட்டார். என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. உங்களிடம் இருப்பது என்ன கம்ப்யூட்டர், அதில் என்ன ஓடுகிறது, எதுவும் இல்லை. எனக்கு லேசான மனத்தாங்கல்கூட வந்தது. கல்யாண வீட்டில் யாரும் வாங்க என்று கேட்காத மாதிரி.

அந்த நேரம் பார்த்துக் கீழே குடோனில் யாரோ வத்தல் மூட்டையை நகர்த்தியிருக்க வேண்டும். நெடி படியேறி வந்தது. அம்மாவும் நானும் மாற்றி மாற்றித் தும்மினோம். மல்லிப்பூ வாசம் சிலருக்குப் பழைய நாட்களைக் கொண்டுவருமாம். எனக்கு அந்த வேலையைச் செய்வது மிளகாய் வத்தல்தான். நான் எழுதிய முதல் புரோகிராமிலிருந்து பேசிய முதல் சம்பளம் வரைக்கும் எல்லாமே தும்மலோடுதான் நடந்தது.

பிராட்பேண்ட் எங்கள் ஊருக்குப் புதிதாக வந்த சமயம். அப்போது நான் எம்.சி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அப்பாவுக்கு, எங்கள் வீட்டுப் பேச்சில் அத்தாவுக்கு, உளுந்து, கொத்தமல்லி, வத்தல் வியாபாரம். கீழே குடோன், மேலே வீடு, வீட்டின் ஓரத்தில் ஒரு சின்ன அறை. அந்த அறையில்தான் என் கம்ப்யூட்டர். 'என்' என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கேபினெட், சிவகாசியில் லேபிள் அச்சடிக்கும் மச்சான் தன் அச்சகத்திலிருந்து கழித்துக்கட்டியது. திறந்தபோது உள்ளே காகிதத் தூளும், சங்குசக்கர லேபிள் ஒன்றும் கிடந்தன. மற்ற சாமான்களை மதுரையில் வாங்கி நானே பூட்டினேன். முதல் தடவை சுவிட்சைப் போட்டபோது அம்மா வாசல் பக்கம் போய் நின்றுகொண்டாள். சிவகாசியிலிருந்து வந்த பெட்டி அல்லவா, ஒரு ஜாக்கிரதை.

அதற்குள் ஓடியதையும் நானே கட்டினேன். கடையில் கிடைக்கும் விண்டோஸ் இல்லை, லினக்ஸ். அதிலும் தயாராக வருகிற லினக்ஸ் இல்லை. மூல நிரல்களை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு பகுதியாக நாமே உருவாக்கி அடுக்குவது. மாவு வாங்கித் தோசை சுடுவதற்கும், உளுந்தை ஊறப்போடுவதிலிருந்து ஆரம்பிப்பதற்கும் உள்ள வித்தியாசம். திரையில் நாள் முழுக்க எழுத்துகள் ஓடிக்கொண்டே இருக்கும். அம்மா எட்டிப் பார்ப்பாள். "இன்னுமா ஓடுது? எங்கனதான் போயி நிக்கும்?" என்பாள். எனக்கும் தெரியாது. எழுத்து ஓடுவதே ஒரு சந்தோஷம்.

அம்மாவின் கவலை வேறு. நல்ல இடத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளைக்கு சாத்தூரில் ஜவுளிக்கடை. "ரமலான் நோன்பு வாரதுக்குள்ள ஒரு வேலை அமையலைன்னா பேசி முடிச்சிருவோம்" என்று அம்மா அத்தாவிடம் வாக்கு வாங்கிவிட்டாள். வேலையெல்லாம் சென்னையில் இருந்தது. சென்னைக்குத் தனியாக அனுப்ப அத்தாவுக்கு மனசில்லை. இந்த இழுபறியில், இணையத்தில் லினக்ஸ் ஆட்கள் கேள்வி பதில் எழுதிக்கொள்ளும் ஒரு மின்னஞ்சல் குழுவில் சென்னைக்காரர் ஒருவர் பழக்கமானார். பிரவுசிங் சென்டருக்குப் போகும்போதெல்லாம் அந்தக் குழுவுக்கு எழுதுவேன். அவர் ஒரு சின்ன கம்பெனி நடத்தினார். "வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் அங்கிருந்தே வேலை செய்யலாம். சனிக்கிழமை காலை சாட்டுக்கு வாருங்கள். ஒரு புரோகிராமைத் தருகிறேன், பிழையைக் கண்டுபிடியுங்கள்" என்று எழுதினார்.

அத்தாவிடம் சொன்னேன். உளுந்தைக் கையில் அள்ளி ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தவர், அதை மூட்டையில் திரும்பக் கொட்டினார். பிறகு, "சரி. நீ மெட்ராஸுக்குப் போக வேணாம். மெட்ராஸை இங்கன வரச் சொல்லு" என்றார். மறுநாளே டெலிபோன் ஆபீஸில் எழுதிக் கொடுத்தார்.

இணைப்பு வந்துசேருவதற்குள் அந்தச் சனிக்கிழமை நெருங்கிவிட்டது. லைன்மேன் வந்தது வியாழக்கிழமை. நல்ல உயரம், காதில் பென்சில், கையில் மோடம் பெட்டி. மாடி ஏறும்போதே நாலு தும்மல்.

"ஏன் இம்புட்டு லேட்டு?" என்றார் அத்தா.

"சீசன் டயம் பாய். எங்க ஆளுகளைப் பூரா சிவகாசிப் பக்கம் இழுத்துவிட்டாக. புதுப்பட்டி, ஏழாயிரம்பண்ணைன்னு பட்டாசுக் கம்பெனிக்காரக பூராம் ஆர்டர் மெயில்ல வருதுன்னு நிக்காக. உங்களுக்கு நான் ஒளிஞ்சு வந்திருக்கேன்."

வயரை இழுத்தார், மோடத்தை மாட்டினார், விளக்குகள் எரிந்தன. பிறகு ஒரு சி.டி.யை எடுத்து என் கம்ப்யூட்டரில் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. திரையையும் என்னையும் பார்த்தார்.

"ஏம்மா, ஸ்டார்ட் பட்டன் எங்க?"

"இதுல அது இல்லைங்க. லினக்ஸ். நானே செஞ்சது."

"செஞ்சதா?" அத்தா பக்கம் திரும்பினார். "பாய், நல்லதா ஒண்ணு வாங்கிக் குடுக்கக் கூடாதா? பிள்ளை பாவம், கைல செஞ்சு வச்சிருக்கு."

அவர் மேல் தப்பில்லை. நெட் பக்கம் திறப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் இணைப்பு முடிந்தது என்று எழுத வேண்டுமாம். இல்லாவிட்டால் மோடத்தைத் திரும்பக் கொண்டுபோக வேண்டும். "சனிக்கிழமை காலைல இந்தப் பக்கம் வருவேன். அதுக்குள்ள ஸ்டார்ட் பட்டனை வரவச்சு வையிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உட்கார்ந்து பார்த்தேன். கோளாறு அவருடைய சி.டி.யில் இல்லை, என்னிடம்தான். அந்த மோடம் வழியாக டெலிபோன் ஆபீஸைக் கூப்பிட்டுப் பெயரும் பாஸ்வேர்டும் சொல்லி உள்ளே நுழைய ஒரு சின்ன நிரல் வேண்டும். என்னிடம் அது இல்லை. அதைவிட மோசம், அந்த வேலைக்கு அடிப்படையான பகுதியை லினக்ஸின் கெர்னலிலிருந்தே, அதாவது எல்லாவற்றையும் தாங்கும் நடுப்பகுதியிலிருந்தே, நான் நீக்கியிருந்தேன். 'நமக்கு எதுக்கு இது?' என்று கத்தரித்தது இந்தக் கைதான். கெர்னல் சின்னதாக இருந்தால் பெருமை என்று ஒரு நினைப்பு. கதவு எதுக்கு, காற்று வந்தால் போதும் என்று வீடு கட்டிய கதை.

நிரல் இண்டர்நெட்டில் இருக்கிறது. இண்டர்நெட்டுக்குப் போக நிரல் வேண்டும். அம்மாவிடம் இதை விளக்கினேன். "அப்ப ஜவுளிக்கடைதான்" என்றாள், அவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்த சிரிப்போடு.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அத்தாவே என்னை பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போனார். மரத் தடுப்பு போட்ட கூண்டுக்குள் ஒரே ஒரு நாற்காலி. அத்தா ஸ்டூல் கேட்டு வாங்கி, வெள்ளைச் சட்டை, தொப்பி, அத்தரோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். மற்றக் கூண்டுகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். யாருடைய அத்தாவோ தேடி வந்துவிட்டார் என்று நினைத்திருப்பார்கள். கடைக்காரர் முகம் வாடிவிட்டது. எங்களுக்கு ஒரு நன்மை, ஆள் குறைந்ததால் வேகம் கூடியது. திரையில் நீலக்கோடு நகர்வதை அத்தா கண் இமைக்காமல் பார்த்தார்.

"எங்கேயிருந்து வருது?"

"வெளிநாட்டுலருந்துத்தா. கனடாவா இருக்கும்."

"காசில்லாமலா குடுக்குறான்?"

"ஆமாத்தா. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். திருத்தியும் எழுதிக்கலாம்."

அத்தா யோசித்தார். "பாவம், வியாபாரம் தெரியாத மனுசன். நல்லா இருக்கட்டும்" என்று முகம் தெரியாத அந்த ஆளுக்காக அங்கேயே துஆச் செய்தார்.

ஃபிளாப்பியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். நீக்கிய பகுதியைச் சேர்த்து கெர்னலை மறுபடி கட்ட ஆரம்பித்தேன். எழுத்துகள் ஓடின. சாயங்காலம், பாதியில், கரண்ட் போனது. அறை இருட்டாகிவிட்டது, மின்விசிறி ஓய்ந்தது. அத்தா படியேறி ஓடிவந்தார். அவர் ஓடி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"பூராம் போச்சா பாப்பா?"

"இல்லத்தா. கரண்ட் வந்தா விட்ட இடத்துலருந்து தொடரும்."

"கணக்கப்பிள்ளைய டீ குடிக்க அனுப்புனா, திரும்பி வந்து மொதல்லருந்துல்ல கூட்டுறாரு. இது தேவலையே" என்றவர், கீழே போகாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். இருட்டில் சும்மா உட்கார்ந்திருந்தோம். "சாத்தூர்ப் பையனும் நல்ல பையன்தான். ஆனா நீ முகம் வாடிப் போறதுக்கு எனக்குச் சம்மதமில்ல" என்றார் திடீரென்று. இருட்டில் என் முகம் அவருக்குத் தெரியாதது நல்லதாகப் போயிற்று. கரண்ட் வந்தது.

சனிக்கிழமை காலை புதிய கெர்னலில் எழுந்தது கம்ப்யூட்டர். கட்டளையை அடித்தேன். திரையில் ஒரு புள்ளி, இன்னொரு புள்ளி, இன்னொன்று. அத்தா பக்கத்தில் நின்று புள்ளிகளை எண்ணினார். புள்ளிகளின் முடிவில் 'இணைந்தது' என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல் வந்தது. ஆச்சரியக்குறியோடு. அந்த நிரலை எழுதியவருக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்திருக்கும்.

"பம்பாய்ல உளுந்து என்ன வெலைன்னு கேளு" என்றார் அத்தா. தேடினேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் பட்டியல் வந்து நின்றது. குனிந்து பார்த்தவர் வாய்விட்டுச் சிரித்தார். "இது போன வாரத்து வெல! பழசை எம்புட்டு வேகமாக் கொண்டுவருது!"

அந்த நேரம் லைன்மேன் தும்மிக்கொண்டே வந்தார். பக்கம் திறப்பதைக் காட்டினேன். அவருக்குத் திருப்தியில்லை. "அந்த நீல 'இ' எங்கம்மா? அதைக் கிளிக் பண்ணித்தான் பாக்கணும். எனக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்காக." விண்டோஸில் இண்டர்நெட்டைத் திறக்கும் படம் அது. சாட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வாதம் செய்வதில் பயனில்லை. அவர் டீ குடித்து முடிப்பதற்குள், நீல நிறத்தில் ஒரு 'e' வரைந்து, அதைத் திரையின் ஓரத்தில் வைத்து, என் பிரவுசரோடு கோத்துவிட்டேன். கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. டம்ளரை வைத்துவிட்டு அதை அழுத்தினார். பக்கம் திறந்தது. "இதைத்தானம்மா நான் அன்னைக்கே கேட்டேன்!" என்று முகமெல்லாம் மலர்ந்து, காதிலிருந்த பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டார்.

சென்னைக்காரர் கொடுத்த பிழையை மதியச் சாப்பாட்டுக்கு முன் கண்டுபிடித்துவிட்டேன். அந்த வாரமே வேலை உறுதியானது. நோன்புக்கு முன்னால்தான். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், யாரோ விசாரிக்க வந்தவர்களிடம், "எங்க பிள்ளை மெட்ராஸ் கம்பெனில வேலை பாக்குது, மாடியிலருந்தே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சாத்தூர் மாப்பிள்ளைக்கும் பிறகு நல்ல இடத்தில் அமைந்தது. அவர் கடையில்தான் இப்போதும் பெருநாளுக்குத் துணி எடுக்கிறோம்.

என் கம்ப்யூட்டர் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. பஸ் ஸ்டாண்டு பிரவுசிங் சென்டர் இப்போது செல்போன் கடை. ஆனால் இதையெல்லாம் விட எனக்கு ஏக்கம் தருவது வேறொன்று. அத்தா நன்றாகத்தான் இருக்கிறார். வியாபாரத்தையும் விடவில்லை. முன்பெல்லாம் காலையில் பம்பாய்க்கும் விஜயவாடாவுக்கும் போன் போட்டார் என்றால், ஊருக்கே கேட்கும். "அலோ! சேட்! சத்தமாப் பேசும்!" என்று அவர் கத்துகிற கத்தலில்தான் நாங்கள் கண்விழிப்போம். சேட்டின் பிள்ளைகள் நலமா, அங்கே மழை உண்டா என்று எல்லாம் விசாரித்த பிறகுதான் விலைக்கு வருவார். இப்போது விலை தானாகவே போனுக்கு வந்து விழுகிறது, அன்றைய விலை, அந்த நிமிடத்து விலை. அத்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒரு விரலால் திரையைத் தள்ளிப் பார்க்கிறார். கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்புகிறார். வியாபாரம் முடிந்துவிடுகிறது.

ஊருக்கு வருகிற நாட்களில், காலையில் நான் அலாரம் வைத்துத்தான் எழுந்திருக்கிறேன்.