ரிவர்ஸில் இறங்கிய படகு

போன மழைக்கு எங்கள் மேனாம்பேடு தெருவில் இடுப்பளவு தண்ணீர். தரைத்தள வீட்டிலிருந்த என்னை உப்புமூட்டை தூக்கி வெளியே கொண்டுவந்தவன் மச்சான், மனைவியின் தம்பி. அன்றிலிருந்து கல்யாணம், காதுகுத்து, எங்கே பார்த்தாலும் "மாமா இன்னா வெயிட்டு தெரியுமா!" என்று ஆரம்பித்துவிடுவான்.

அதனால்தான் எங்கள் குடியிருப்போர் சங்கம் டிரெய்லரோடு ஒரு ஃபைபர் படகு வாங்கியதும், "டிரெய்லர் பூட்டுச் சாவி என்கிட்ட இருக்கட்டும், என் கார்லயே இழுத்துடுறேன்" என்று கையைத் தூக்கினேன். ஞாயிற்றுக்கிழமை ஏரியில் இறக்கி, திரும்ப ஏற்றிக் காட்டவேண்டும், இல்லையென்றால் சாவி மச்சானுக்கு என்றார்கள்.

லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டுதான் காரையே எடுத்தேன். சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார், ரோட்ல தண்ணி வருதா?"

ஏரிக்கரைச் சரிவில் ரிவர்ஸ் எடுத்தேன். என் பேச்சைக் கேட்காதவர்களோடு வாழ்ந்து பழகியவன்தான் நான். ஆனால் ஸ்டீயரிங்கை இடதுபக்கம் ஒடித்தால் வம்புக்கென்றே வலதுபக்கம் போகிற டிரெய்லர் மாதிரி ஒன்றை அன்றுதான் பார்த்தேன். படகில் ஏறி உட்கார்ந்திருந்த மச்சான் கத்தினான்: "மாமே, ஏரி பின்னாடி கீது! நீ ஆவடிக்குப் போய்கினு கீறே!"

ஒருவழியாக நேராக்கினேன். அப்போது மனைவி, "ஏங்க, நிறுத்துங்க! பழம் வைக்கல!" என்று கார் சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாள். முன்னால் ஏற்றி நசுக்கினேன். பழத்தோடு என் நேர்க்கோடும் போயிற்று.

"ஏரிக்கு ரிவர்ஸ்லதானே போகணும்!" என்று அழாத குறையாகச் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்து, மிச்சமிருந்த இரண்டு பழங்களைத் தண்ணீர் ஓரத்தில் இடைவெளி விட்டு வைத்தாள். "வேற எதையும் பாக்காதீங்க. கண்ணாடியில பழத்தைப் பாருங்க. டிரெய்லர் சக்கரம் ரெண்டும் ரெண்டையும் நசுக்கணும்."

நசுக்கியது! டிரெய்லர் தண்ணீருக்குள் இறங்கியது. இறங்கிப் போய், படகை டிரெய்லரோடு கட்டியிருந்த பெல்ட்டைக் கழற்றினேன். படகு அழகாக மிதந்தது, மச்சானோடு. படகுக் கயிற்றின் மறுமுனையை எதிலும் கட்டவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. துடுப்பு இரண்டும் கார் டிக்கியில்.

"மாமா!" மாமே போய் மாமா வந்துவிட்டது.

"குதிச்சு வாடா!"

"தெருத்தண்ணி எனக்குத் தெரியும் மாமா. ஏரித்தண்ணி தெரியாதே!"

நான் கரையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி, "ஃபயர் சர்வீஸ்! யாராவது ஃபயர் சர்வீஸ் கூப்பிடுங்க!" என்று அலறினேன். மனைவி நிதானமாகக் கேட்டாள்: "ஏங்க, ஜாக்கெட் போட்டிருக்கிறது நீங்கதானே?"

இறங்கினேன். நெஞ்சளவு தண்ணீரில், கண்ணை மூடிக்கொண்டு துழாவியதில் கயிறு கையில் மாட்டியது. இழுத்துவந்து கொக்கியைப் படகில் மாட்டி, டிரெய்லரில் கம்பியைச் சுருட்டும் வின்ச்சின் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தேன். படகு அங்குலம் அங்குலமாக டிரெய்லர்மேல் ஏறியது. சாவி எனக்குத்தான் என்று தெரிந்துவிட்டது.

"மாமா, நான் இறங்கிக்கிறேன். உனக்கு வெயிட்டு குறையும்."

"உக்காருடா. நீ இன்னா வெயிட்டுன்னு நானும் நாலு பேர்கிட்ட சொல்லணும்ல?"