கை தூக்கி ஆட ஒரு ஜாக்கெட்

எங்க அக்காவுக்கு ரிசப்ஷன்ல ஆடணும். அதுவும் அம்மா பாக்க ஆடணும். முத்தியால்பேட்டையில வீட்டுலயே மெஷின் போட்டு ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைச்ச எங்கம்மா, அக்கா ஸ்கூல்ல ஆடுன எதுக்கும் வந்ததில்ல. எப்பப் பாரு, யாருக்காவது அவசரமா ஜாக்கெட் வேணும். "உன் கல்யாணத்துல உக்காந்து பாக்குறேன்டி"ன்னு சொல்லிட்டு, லெகங்காவும் ஜாக்கெட்டும் தன் கையாலயே தைச்சு வெச்சுது. அப்புறம் வயித்துல கட்டின்னு படுத்ததுதான், எழுந்திரிக்கல.

ரிசப்ஷனுக்கு மொத நாள் நான் ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்ப, அக்கா அதைப் போட்டுக்கிட்டு நிக்குது. உள்ள கேன்கேன் வலை வெச்ச பாவாடை குடை மாதிரி விரிஞ்சு, கதவுல நுழையல.

"கயிறு கட்டிக்கோ, பீச் காத்துல பறந்துடப் போற"ன்னேன்.

"கம்கட்டுல புடிக்குதுடா. கையே தூக்க முடியல, எப்படி ஆடுறது?"

"அம்மாவ மண்டபத்துக்குக் கூட்டிட்டு வர முடியாதாம். பாக்குறவங்க இப்பவே வந்து பாத்துக்கணுமாம். டாக்டரு சொல்லிட்டாரு."

அக்கா லெகங்காவக் கழட்டல. "வண்டிய எடு"ன்னுச்சு.

பந்தக்கால் நட்டு நலங்கு வெச்ச பொண்ணு படி தாண்டக் கூடாது. அத்தை வாசல்ல குறுக்க நின்னுச்சு. "ஆஸ்பத்திரிக்காடி? அவதான் போவப்போறா, நீயாவது நல்லா இருக்க வேணாமா?"

"வழி விடு அத்தை, பாவாடை உன்னையும் சேத்துத் தள்ளிடும்"னேன். அழுதுக்கிட்டே நகந்துச்சு.

வார்டே எழுந்து உக்காந்து வேடிக்கை பாத்துச்சு. அம்மா அக்காவோட மூஞ்சியப் பாக்கல, ஜாக்கெட்டத்தான் பாத்துச்சு.

"கையத் தூக்கு."

"போவலம்மா."

"உள்ள துணி விட்டிருக்கேன். ஒரு தையல் பிரிச்சா போதும்."

நர்ஸ்கிட்ட பிளேடு வாங்கிக் குடுத்தேன். அம்மா விரல்ல அது நிக்கல. நான் வாங்கிக்கிட்டேன்.

"நூல மட்டும்டா. துணிய அறுத்தே, ஒதைப்பேன்."

"மொதல்ல எழுந்து வா, அப்புறம் ஒதை."

ரெண்டு பக்கமும் பிரிச்சேன். அக்கா கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல ஆடுச்சு. டிபன் பாக்ஸ் மூடியில நான்தான் தாளம். கை ரெண்டும் தலைக்கு மேல போச்சு.

"இப்ப புடிக்கல"ன்னுச்சு அம்மா. அப்படியே கண்ண மூடிக்கிச்சு.

அக்கா குனிஞ்சு மூக்குகிட்ட விரல வெச்சுப் பாத்துச்சு. மூச்சு வந்துச்சு. "பாதியிலயே தூங்கிடுச்சுடா."

"நீ ஆடுனா யாருக்குத்தான் தூக்கம் வராது." சொல்லிட்டு மூடியக் கீழ வெச்சேன்.

"தட்டுடா. முழிச்சா பாக்கட்டும்."

நர்ஸ் வந்து வெளிய போகச் சொல்ற வரைக்கும் ஆடுச்சு. அம்மா அதுக்கப்புறம் முழிக்கவே இல்ல, மூச்சு மட்டும் ஓடிக்கிட்டிருந்துச்சு.

மறுநாள் ரிசப்ஷன்ல பாட்டு போட்டு, மாப்பிள்ளையோட ஃபிரெண்டுங்கல்லாம் அக்காவ ஆடச் சொல்லிக் கூப்புட்டாங்க. "ஜாக்கெட்டு புடிக்குது"ன்னு சொல்லிட்டு, கைய மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு.