இரண்டாவது தடவை போகும் கரண்ட்

கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி நிறுத்தியிருந்தால் வீட்டில் யாரும் மேற்கொண்டு கேட்டிருக்க மாட்டார்கள். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான் வினை. செருப்புப் பெட்டிகள் இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது போன்ற கறுப்புப் பெட்டி. முன்பக்கம் ஒரு சின்ன விளக்கு. தையல் மிஷின் மேல் அதை வைத்துவிட்டு ஒயரை மாட்டிக்கொண்டிருந்தபோது, வயலிலிருந்து வந்த அப்பா சேற்றுக் காலோடு வாசலில் நின்றபடி அது என்னவென்று கேட்டார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்தவன் நான் ஒருவன்தான். அதனால் விளக்குவதற்குத் துணை யாரும் கிடையாது. முடிந்தவரை சொன்னேன். ஸ்கேன் சென்டர், போட்டோ ஸ்டூடியோ மாதிரி இடங்களில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் உள்ளதை ஒரே இடத்தில் போட்டுவைக்க இந்தப் பெட்டி. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் எழுதுவது இன்னொன்றிலும் எழுதப்படும். ஒன்று செத்தால் மற்றது இருக்கும். இந்தப் பெட்டியை ஓட்டுகிற சாஃப்ட்வேரை வெளிநாட்டில் ஒரு கம்பெனி செய்கிறது. புதுப் பதிப்பை விற்பனைக்கு விடும் முன்னால் பீட்டா என்று ஒன்றை எங்களைப் போன்றவர்களிடம் கொடுத்துக் குறை பார்க்கச் சொல்வார்கள்.

"அப்ப நல்லா இருக்குன்னு சொல்ற வேலையா, நல்லா இல்லன்னு சொல்ற வேலையா?" என்றார் அப்பா.

இரண்டும்தான் என்றேன்.

"நெல்லு கொள்முதல்ல ஈரம் பாக்குறவன் மாதிரி."

அது பாராட்டு இல்லை. கொள்முதல் நிலையத்தில் நெல்லை அள்ளிக் கருவியில் போட்டு, ஈரப்பதம் கூட இருக்கிறது, காயவைத்து எடுத்துவா என்று சொல்கிறவனைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

அலுவலகம் தஞ்சாவூரில் புதுப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மாடியில். நான் சேர்ந்தது டிரெயினியாக. இந்தப் புதுப் பதிப்பு ரிலீஸ் ஆனதும் நிரந்தரம் செய்வோம் என்று சொல்லியிருந்தார்கள். எல்லாரையுமா, சிலரையா என்று சொல்லவில்லை. உட்கார இடம் போதாததால் பயிற்சியில் இருப்பவர்கள் ஆளுக்கொரு பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சோதிக்கலாம் என்றானது. என் வீடு குடவாசலுக்குப் பக்கத்தில், வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கிராமம். பேட்டரி பேக்கப் கேட்டேன். இருந்ததெல்லாம் அலுவலகத்திலேயே தேவைப்பட்டது.

முதல் வாரமே அது நடந்தது. காலையில் கரண்ட் போய் வந்தது. பெட்டி தானாக எழுந்து, விளக்கு பச்சையாகி, எல்லாம் நலம் என்றது. லேப்டாப்பில் ஃபோல்டரைத் திறந்தேன். காலி. சோதனைக்காக நான் ஏற்றிவைத்திருந்த படங்களில் ஒன்றுகூட இல்லை. பெட்டியை முறைப்படி அணைத்து மறுபடி போட்டேன். எல்லாப் படங்களும் இருந்த இடத்தில் இருந்தன.

தோண்டிப் பார்த்ததில் புரிந்தது இவ்வளவுதான். கோப்புகள் அழியவில்லை. பெட்டி அவை இருக்கும் அறையைத் திறக்காமலே, வெளியே நின்றுகொண்டு, உள்ளே ஒன்றும் இல்லை என்கிறது. அந்த நேரத்தில் புதிதாக ஏதாவது போட்டால் அதை வெளியிலேயே வாங்கிவைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அறை சரியாகத் திறந்ததும் பழையதெல்லாம் தெரியும். புதிதாகப் போட்டது கண்ணில் படாது. குடவாசல் ஸ்கேன் சென்டரில் இந்தப் பெட்டி இருப்பதாக நினைத்துக்கொண்டேன். யாரோ ஒரு கர்ப்பிணிக்குக் காலையில் எடுத்த ஸ்கேன் மாலையில் இருக்காது. விளக்கு மட்டும் பச்சையாக எரியும்.

ஸ்கிரீன்ஷாட்டோடு ரிப்போர்ட் போட்டேன். தங்களால் அதை நடக்கவைக்க முடியவில்லை என்று வெளிநாட்டிலிருந்து பதில் வந்தது. அடுத்த முறை நடந்தபோது மறுபடி போட்டேன். 'என்விரான்மென்ட் இஷ்யூ' என்று எழுதி மூடிவிட்டார்கள். அதாவது குறை சாஃப்ட்வேரில் இல்லை, அது ஓடுகிற இடத்தில் இருக்கிறது. நானே ஒயரைப் பிடுங்கிச் செய்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பெட்டி நல்ல பிள்ளையாக எழுந்து எல்லாப் படங்களையும் காட்டியது. தானாகக் கரண்ட் போய் வரும்போது மட்டும் சில நாள் காட்டாது. வோல்டேஜ் குறைவதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று முடிவுகட்டினேன்.

எங்கள் டீம் லீட் தஞ்சாவூர்க்காரர். குரலை உயர்த்தியே பேசாத பெண்மணி. அதுவே பயமாக இருக்கும். போனில் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்க பொய் சொல்றீங்கன்னு யாரும் சொல்லல. ஆனா நீங்க போட்டதுல பாதிக்கு மேல மூடிட்டாங்க. இப்படியே போனா உங்களுக்காக நான் பேச முடியாது. ரிலீஸ் பண்ணலாம்னு வெள்ளிக்கிழமை நான் கையெழுத்துப் போடணும். அதுக்குள்ள என் கண்ணு முன்னாடி ஒரு தடவை நடக்கட்டும்."

புதன்கிழமை வீடியோ காலில் காலையிலிருந்து பார்க்கிறேன் என்றார். அப்பாவிடம் சொன்னபோது, "வாய்தா குடுத்துட்டாங்களா" என்றார்.

எனக்கு நம்பிக்கை இருந்தது. அது ஆடி மாதம். வாய்க்காலில் தண்ணீர் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நட்ட குறுவை காய்ந்துகொண்டிருந்தது. போர்வெல் வைத்திருந்தவர்கள் எல்லாரும் பகல் முழுக்க மோட்டார் ஓட்டினார்கள். கரண்ட் தாங்காமல் விழும், எழும், விழும். இதைவிடத் தோதான சோதனைச்சாலை எனக்கு எங்கே கிடைக்கும்?

புதன்கிழமை விடியும்போதே வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

இப்படி ஒரு மழை அந்த மாதத்தில் பெய்து பார்த்ததில்லை என்றார்கள். அப்பா துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, உள்ளே வராமல், வயல் பக்கம் பார்த்தபடியே நின்றார். வெடித்துக் கிடந்த நிலம் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்கிறது என்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். நான் போனைப் பெட்டிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போனுக்குள் டீம் லீட். கரண்ட் போனது. வந்தது. பச்சை விளக்கு. ஃபோல்டரைத் திறந்தேன், படங்கள் இருந்தன. மறுபடி போனது, நெடுநேரம் கழித்து வந்தது. படங்கள் இருந்தன.

"எல்லாம் இருக்கே தம்பி" என்றார் அவர். கிண்டல் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் மேடம் என்று கெஞ்சி, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிடுவதாகச் சொல்லி வைத்தேன். மழையில் எவன் மோட்டார் போடுவான்? மோட்டார் ஓடாமல் வோல்டேஜ் எப்படி இறங்கும்? குடையை எடுத்துக்கொண்டு பக்கத்து வயல் மாமாவின் மோட்டார் கொட்டகைக்கு ஓடினேன். அப்பாவும் அங்கேதான் இருந்தார். இருவரும் வரப்பை வெட்டிவிடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, கொஞ்ச நேரம் மோட்டாரப் போடுறீங்களா?"

மாமா என்னைப் பார்த்தார். முழங்கால் தண்ணீரில் நின்ற தன் வயலைப் பார்த்தார்.

"நானே வடிய வைக்க வழி தெரியாம நிக்கிறேன், நீ எறைக்கச் சொல்றே. மாப்ள, படிப்பெல்லாம் முடிஞ்சிடுச்சா, இன்னும் ஏதாச்சும் பாக்கி இருக்கா?"

அப்பாவும் சிரித்தார். எனக்கு என்ன தோன்றியதோ, நாலு பேரைச் சேர்த்துப் போடச் சொல்லுங்கள், இந்த மழை இன்றைக்குப் பார்த்தா வர வேண்டும் என்று கத்திவிட்டேன். அப்பாவின் சிரிப்பு நின்றது.

"மழ வேணாங்கிறியாடா?"

குடையை விரித்துக்கொண்டு வரப்பில் இறங்கினேன். காலையிலிருந்து அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குத் திரும்பி ஈரத்தோடு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். அடுப்படியில் அம்மா மிக்ஸி ஜாரில் தேங்காயையும் மிளகாயையும் போட்டு வைத்திருந்தார். கரண்ட் போயிருந்தது. வந்தது. பல்பு எரிந்தது. அம்மா மிக்ஸியைப் போடாமல் நின்றார். ஏன் நிற்கிறாய் என்றேன்.

"ரெண்டாவது வரட்டும்" என்றார், ஏதோ நான் வெளியூர்க்காரன் போல.

எங்கள் ஊரில் யாரும் முதலில் வரும் கரண்ட்டில் எதையும் போட மாட்டார்கள். கரண்ட் வந்ததும் வயலில் உள்ள மோட்டார்கள் எல்லாம் ஆட்டோ ஸ்டார்ட்டரில் ஒன்றாகக் கிளம்பும். பாரம் தாங்காமல் பல்பு மங்கி, உடனே எல்லாம் அணைந்துவிடும். சற்று நேரத்தில் மறுபடி வரும். அதற்குள் பாதி மோட்டார் ட்ரிப் ஆகியிருக்கும் என்பதால் அப்படி வருவதுதான் போகாமல் நிற்கும். குழந்தையிலிருந்து பார்த்துப் பழகியதால் அதை நாங்கள் தனிக் கரண்ட் கட் என்று கணக்கில் எடுத்ததே இல்லை. போய் வந்தது என்போம், அவ்வளவுதான். நானும் ரிப்போர்ட்டில் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

அன்றைக்கு இரண்டாவது தடவை போகவில்லை. மோட்டார் எதுவும் ஓடாததால் முதலில் வந்ததே போகாமல் நிலைத்துவிட்டது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அட என்று சொல்லி மிக்ஸியைப் போட்டார்.

நான் பெட்டியை மாட்டியிருந்த பிளக் சுவிட்சில் கை வைத்தேன். அணைத்தேன். போட்டேன். திடீரென்று அணைந்த பெட்டி எழும்போது, டிஸ்க்கில் உள்ளதெல்லாம் சரியாக இருக்கிறதா என்று தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். அப்போது விளக்கு நீலமாகச் சிமிட்டும். அந்தச் சோதனை முடிவதற்குள் மறுபடி அணைத்தேன். போட்டேன். விளக்கு பச்சையானது. ஃபோல்டரைத் திறந்தேன்.

காலி.

வோல்டேஜும் இல்லை, ஒன்றும் இல்லை. விழுந்தவன் எழுந்துகொண்டிருக்கும்போது மறுபடி தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்று அந்தச் சாஃப்ட்வேரை எழுதியவர்கள் யோசிக்கவில்லை. அவர்கள் ஊரில் கரண்ட் போனால் ஒரு தடவை போகும், வந்தால் வந்துவிடும்.

டீம் லீடைக் கூப்பிட்டு, நாளைக்குப் பெட்டியோடு நேரில் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். வியாழக்கிழமை கும்பகோணத்தில் பஸ் மாறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் ஒரே நினைப்பு, அங்கே போய் நடக்காவிட்டால் என்று. ஹோம் தியேட்டரா தம்பி என்று கண்டக்டர் கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அலுவலகத்தில் ஜெனரேட்டர், பேட்டரி எல்லாம் உண்டு. அந்த மேசையில் வைத்து, அவர் கண் முன்னால் அதே மாதிரி அணைத்துப் போட்டேன். முதல் தடவை படங்கள் இருந்தன. பெட்டி தன் சோதனையை முடித்த பிறகு அணைத்திருக்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. மறுபடி செய்தேன். காலி. அவர் என்னை நகரச் சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, தானே சுவிட்சைப் பிடித்தார். அவருக்கும் காலியாகவே வந்தது.

அன்று மாலை வெளிநாட்டுக்காரர்களோடு பேசும்போது என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். நிஜத்தில் யாராவது இப்படி அடுத்தடுத்து அணைப்பார்களா என்று அவர்கள் கேட்டார்கள். எங்கள் பக்கமெல்லாம் கரண்ட் இப்படித்தான் வரும், எங்கள் அம்மா வீட்டிலும் இப்படித்தான் என்று அவர் சொன்னார். ஆங்கிலத்தில்தான் சொன்னார். எனக்கு ஏனோ கண் கலங்கியது.

ரிலீஸை நிறுத்தினார்கள். இதைச் சரிசெய்து இன்னொரு பீட்டா வரும், அதையும் சோதித்த பிறகுதான் வெளியீடு என்றார்கள். தேதி சொல்லவில்லை. ரிலீஸ் தள்ளிப்போனால் எங்களை நிரந்தரம் செய்வதும் தள்ளிப்போகும். கூட இருந்த டிரெயினிகளில் ஒருவர் அதைச் சொல்லி, ரொம்ப நன்றி என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். போனில் அப்பாவிடம் சொன்னேன்.

"நீ கண்டுபிடிச்சதாலயா தள்ளிப் போச்சு?"

"ஆமாம்பா."

"குத்தம் இருந்தா சொல்லித்தானே ஆவணும்" என்றார். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அதன் பிறகு வந்த நாட்களில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையில் எழுந்ததும் மெயிலைப் பார்ப்பேன். பல் தேய்த்துவிட்டு மறுபடி பார்ப்பேன். புதுப் பீட்டா ஒரு வழியாக வந்தது. அலுவலகத்தில் ஒரு மேசை ஒதுக்கி, சோதனையை என்னையே செய்யச் சொன்னார்கள். படங்களை ஏற்றினேன். அணைத்தேன். போட்டேன். விளக்கு நீலமாகச் சிமிட்ட ஆரம்பித்தது.

சுவிட்சின் மேல் விரல் இருந்தது. இப்போது அணைக்க வேண்டும். இந்த முறை காலியாக வரக் கூடாது என்று நினைத்தேன். இது தேறிவிட்டால் ரிலீஸ், ரிலீஸ் ஆனால் வேலை. விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. விரல் அழுத்தவில்லை. சிமிட்டல் மெதுவாகி, நிற்கப்போகிற கட்டத்தில்தான் அழுத்தினேன். மறுபடி போட்டதும் பச்சை. எல்லாப் படங்களும் இருந்தன.

பக்கத்து மேசையிலிருந்து டீம் லீட், "பாஸா?" என்று கேட்டார்.

பெட்டியின் சோதனை ஏறக்குறைய முடியும்வரை என் கை காத்திருந்தது எனக்குத் தெரியும். அவர் அதைப் பார்க்கவில்லை.

"இல்ல மேடம், லேட்டா ஆஃப் பண்ணிட்டேன்" என்றேன். முதலிலிருந்து அணைத்துப் போட்டு, நீல விளக்கு சிமிட்டத் தொடங்கிய உடனே சுவிட்சை அழுத்தினேன்.