ஏழாவது கேள்வி

பல்கலைக்கழகத்தின் மூன்றாவது மாடியில், ஜன்னலைத் திறந்தால் சைக்கிள் நிறுத்துமிடம் மட்டுமே தெரிகிற அறையில், எட்டு வருஷமாக ஒருத்தி தட்டச்சு செய்கிறாள். காதில் ஹெட்போன், காலடியில் ஒலியை நிறுத்தவும் ஓட்டவும் ஒரு பெடல். வீட்டில் அடிபட்ட பெண்கள் ஆய்வாளர்களிடம் பேசியதைக் கேட்டு எழுத்தாக்குவது அவள் வேலை. அவளுக்கு முன்னால் வந்த மூன்று பேர் அழுதுகொண்டே வேலையை விட்டார்கள். இவள் அழவில்லை. அதனால் 'கல்லக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தவர்களுக்கு என்ன, நாக்குக்கு நரம்பா இருக்கிறது?

பேசியதை மட்டுமல்ல, பேசாததையும் அவள் எழுதுவாள். பேச்சு நின்றால் வினாடிகளை எண்ணி, 'மௌனம், ஒன்பது வினாடி' என்று போடுவாள். மற்றவர்கள் குத்துமதிப்பாக ஐந்து, பத்து என்று போடுவார்கள். கல்லக்காவுக்கு அது ஆகாது.

எல்லாரிடமும் ஏழாவதாக ஒரு கேள்வி உண்டு: "முதல்ல யார்கிட்ட சொன்னீங்க? அவங்க என்ன சொன்னாங்க?" முதலில் கேட்டவர் தட்டிக்கழித்தால், அதன்பின் பல வருஷம் வாய் திறக்காமலே இருந்தவர்கள் ஏராளம். அதை வைத்துத்தான் ஆய்வை நடத்தும் பேராசிரியை, இப்படி ஒருத்தி வந்து சொன்னால் கேட்பவர் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு துண்டறிக்கை போட்டு, காவல் நிலையம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அனுப்பினார். 'உன்னை நம்புகிறேன்' என்பது அதன் முதல் வரி. அதைத் தட்டச்சு செய்ததும் கல்லக்காதான்.

வீட்டில் அவளுக்கு யாருமில்லை. அப்பா அம்மா போனபின் ஒரே தங்கையை வளர்த்து, கல்யாணமும் செய்து வைத்தாள். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம் அந்தத் தங்கை வந்துவிட்டுப் போனாள். பிறகு போன் குறைந்தது, நம்பரும் மாறியது. கோபம் தணிந்தால் தானாக வருவாள் என்று இவளும் இருந்துவிட்டாள். கூப்பிட ஆளில்லாத போனுக்குத் தினமும் சார்ஜ் போடுவதை மட்டும் விடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை புது ஒலிப்பதிவு ஒன்று வந்தது. பெயர் கிடையாது, நாற்பத்தொன்று என்ற எண் மட்டும். அந்தப் பெண் பேசும் முன் சின்னதாகச் சிரித்தாள். கல்லக்கா அந்தச் சிரிப்பை மறுபடி ஓட்டிக் கேட்டாள். வருத்தமான எதையும் சிரிக்காமல் சொல்லத் தெரியாதவள் இந்த உலகத்தில் ஒருத்திதான்.

தெரிந்த குரல் என்றால் அந்த நிமிஷமே நிறுத்தி, ஒலிப்பதிவை உறையில் போட்டுத் திருப்பித் தர வேண்டும். அது விதி. கால் பெடலை விட்டு எழவில்லை. ஏழாவது கேள்வி வந்தது.

"அக்காகிட்டதான் சொன்னேன்," என்றது குரல், சிரித்துவிட்டு. "எந்த வீட்டுல சண்டை இல்ல, அனுசரிச்சுப் போடின்னா. அவளே கூட வந்து பஸ் ஏத்திவிட்டா."

பிறகு பேச்சில்லை. பதினாலு வினாடி. தங்கை வந்து சொன்ன அன்றைக்கே இந்த வேலையில் ஐந்து வருஷம் ஆகியிருந்தது கல்லக்காவுக்கு. ஊருக்குத்தான் உபதேசம்.

பேராசிரியையிடம் போய் நின்றாள். "தெரிஞ்ச குரல், மேடம். என் தங்கச்சி. ஏழாவது கேள்வி வரைக்கும் கேட்டுட்டேன். வேலைய விட்டு எடுத்தாலும் சரி, அவ எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க."

"சொல்ல முடியாதும்மா. சொந்தக்காரங்க தேடி வந்துடக் கூடாதுன்னுதானே அந்த விதி. நீங்கதானே டைப் பண்ணீங்க." பேராசிரியைக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். "நீங்க கேட்டதை முதல்ல அவங்ககிட்ட நாங்க சொல்லியாகணும். அவங்களுக்கு நீங்க ஏதாவது சொல்லணும்னா ஒரு வரி எழுதிக் கொடுங்க. வேணும்னா வாங்கிக்கட்டும், வேண்டாம்னா விட்டுடணும்."

பல்லாயிரம் பக்கம் தட்டியவளுக்கு ஒரு வரி வரவில்லை. மத்தியானம் முழுக்கக் கிழித்துப் போட்டபின் எழுதினாள்: 'உன்னை நம்புறேன். அன்னிக்கே நம்பியிருக்கணும்.'

மூன்று வாரம் கழித்து, அந்தப் பெண்களைப் போய்ப் பார்த்துப் பேசும் ஆலோசகர் மாடியேறி வந்தார்.

"வாங்கிப் படிச்சாங்கக்கா. ஒண்ணும் சொல்லல."

"படிச்சிட்டு எவ்வளவு நேரம் பேசாம இருந்தா?"

"அதெல்லாம் யாருக்கா எண்ணிட்டிருப்பாங்க?" என்றார் ஆலோசகர்.

கல்லக்கா எண்ணியிருப்பாள்.