வாசல் கேமராவில் நான்

எனக்கு கேமரா ஆகாது. என் கல்யாண ஆல்பத்தில் பாதிப் படங்களில் தலையைக் குனிந்துகொண்டிருப்பேன், மீதியில் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மூன்றாம் படிவம் வரை படித்தேன். அதுவரைக்கும் ஒரு தடவைகூட வகுப்பில் கை தூக்கியதில்லை. அப்படிப்பட்ட என்னைத்தான் எங்கள் தாமான் குடியிருப்பில் இருநூறு பேர் உட்கார்ந்து வீடியோவில் பார்த்தார்கள்.

சிங்கப்பூர் எல்லையை ஒட்டிய கெலாங் பாத்தாவில் இந்தத் தாமானுக்குக் குடிவந்து பத்தொன்பது வருடமாகிறது. இங்கே பாதி வீடுகள் விடியும் முன்பே காலியாகிவிடும். இரண்டாம் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். இடுப்பு வலி வந்து நான் தொழிற்சாலை வேலையை விட்டபிறகு, பகலில் வீட்டில் இருக்கும் ஆள் என்று எங்கள் வரிசையில் நான்தான் மிஞ்சினேன். அதனால் ஒவ்வொருவராக வந்து வீட்டுச் சாவியைக் கொடுத்துவைத்தார்கள். கேஸ் சிலிண்டர் தோம்பு வந்தால் திறந்துவிடுவேன். பார்சல் வந்தால் உள்ளே எடுத்துவைப்பேன். மழை வந்தால் துணியை எடுப்பேன். மூன்று வீட்டுச் சாவி என் சமையலறையில் தொங்கியது. யாரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை. அதிகம் பேசத் தெரியாத எனக்கு இந்தத் தெருவில் இருந்த மரியாதை அந்தச் சாவிகள்தான். அதை நான் வெளியே சொன்னதில்லை. ஆனால் எனக்குத் தெரியும்.

காலையில் குளித்துவிட்டு, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சாமிக்குப் பூ பறிக்கப் போவேன். எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி முனை வீடு. வேலி முழுக்கச் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் சாக்கடைக்கு மேலே சாய்ந்து வெளியே கிடக்கும். அங்கே முன்பு ஒரு வயசான சீன அப்பெக் இருந்தார். முதல் நாள் தயங்கி நின்றபோது அவரே கையை ஆட்டி, “அம்பில் லா, அம்பில்” என்றார். எடுத்துக்கொள், எடுத்துக்கொள் என்று. அன்றிலிருந்து எடுக்கிறேன். கையில் பூ இருக்கும்போது நான் பேசமாட்டேன். பேசினால் எச்சில் தெறிக்கும், சாமிக்கு ஆகாது. விளக்கேற்றி முடிக்கிற வரைக்கும் வாயைத் திறப்பதில்லை. அம்மா அப்படித்தான் இருந்தார், நானும் அப்படித்தான்.

அப்பெக் வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய்விட்டார். வாங்கியவர்கள் இளம் தம்பதி, நம்மவர்கள்தான். இருவருக்கும் சிங்கப்பூரில் வேலை. வந்த முதல் வாரமே வாசலில் ஒரு புது அழைப்புமணியை மாட்டினார்கள். வட்டமாக ஒரு கண், அதைச் சுற்றி நீல வெளிச்சம். நான் அதை வெறும் மணி என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாள் காலை ஆறரை மணி இருக்கும், இன்னும் இருட்டு. ஏழெட்டுப் பூ கையில். அந்த மணி பேசியது.

“ஹலோ, யாரு அங்க?”

திடுக்கிட்டு நின்றேன்.

“ஆன்ட்டி, என்ன பறிக்கிறீங்க? நான் பார்டர் தாண்டிட்டேன் ஆன்ட்டி, ஆனா இங்கருந்தே உங்களப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். ஹலோ, கேக்குதா?”

கேட்டது. நன்றாகவே கேட்டது. கையில் பூ. மணியைப் பார்த்தேன், பூவைப் பார்த்தேன், வீட்டுக்கு நடந்துவிட்டேன். விளக்கேற்றி முடித்த பிறகு யாரிடம் போய் விளக்கம் சொல்வது? வீட்டில் ஆளில்லை. அந்த மணியிடம் போய்ப் பேச எனக்குக் கூச்சம். சாயங்காலம் போகலாம் என்று நினைத்தேன். அவர்கள் வரவே இரவு ஒன்பது, பத்து ஆகும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு, இல்லை என்று சொல்லவில்லை.

மறுநாள் தாமானின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் வீடியோ வந்தது. இருபது வினாடிகூட இருக்காது. தலையில் துண்டோடு ஒரு பொம்பளை வேலியில் கை விடுகிறாள். குரல் கேட்கிறது. நின்று முறைத்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் போகிறாள். எனக்கே அவளைப் பார்த்தால் திருடி மாதிரித்தான் இருந்தது. கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள்: எல்லோரும் கவனமாக இருங்கள், மரியாதையாகக் கேட்டும் பதில் சொல்லாமல் ஓடுகிறார்.

அதற்குக் கீழே மற்றவர்களின் கச்சேரி.

“இன்னிக்குப் பூ, நாளைக்கு செருப்பு.”

“ஷூ ரேக்க உள்ள வைங்க மக்களே.”

“முகத்த மூடிக்கிட்டு வருது பாருங்க, பிளான் பண்ணித்தான்.”

கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சிகள் வரிசையாக. இதே குழுவில்தான் தினமும் எச்சரிக்கை வரும். ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள், தெரியாத இணைப்பைத் தொடாதீர்கள் என்று. அனுப்புகிற அதே ஆட்கள்தான் மறுநாள் விமான டிக்கெட்டைப் படம் பிடித்துப் போட்டு, ஒரு வாரம் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறோம், வாழ்த்துங்கள் என்பார்கள். பிள்ளையின் பள்ளிக்கூடம், வகுப்பு, பிறந்தநாள், எல்லாம் அங்கே கிடக்கும். இவர்களுக்கு ஆபத்து என்றால் அது எப்போதும் வேறொருவர் முகத்தில் வரவேண்டும். அன்று என் முகத்தில் வந்தது.

என்னைத் தெரியாதவர்கள் எழுதியது பரவாயில்லை. தெரிந்தவர்கள் யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இரண்டு நாள் கழித்து எதிர்வீட்டு டீச்சர் கேட்டருகே வந்து நின்றார். ஆறு வருடமாக அவர் வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது. கேட்டுக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று.

“அக்கா, வீட்டுக்குப் புது லாக் போடுறோம். வெரல வச்சா தொறக்குமாம். அதான்… அந்த சாவிய வாங்கிட்டுப் போலாம்னு.”

“ஆங், இருங்க.”

எடுத்துக் கொடுத்தேன். முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். “தேங்க்ஸ் க்கா, ரொம்ப ஹெல்ப் பண்ணீங்க” என்றார். வேலையைவிட்டு நிறுத்துகிறவர்கள் பேசுகிற மாதிரி. அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. பூட்டையே மாற்றப்போகிறார்கள் என்றால் பழைய சாவி வெறும் இரும்பு. அதைக் கேட்டு வாங்க எதற்கு வரவேண்டும்?

அன்று சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். எதையும் சீரியசாக எடுக்கமாட்டார்.

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல நீ.”

“கையில பூ இருந்துச்சு.”

“அதுக்கு?”

“அதுக்குத்தான்.”

“மனுசன்கிட்டதான் பேசமாட்டன்னு நெனச்சேன். மிஷின்கிட்டயும் பேசமாட்ட போல.”

ஞாயிற்றுக்கிழமை அவரையும் இழுத்துக்கொண்டு முனை வீட்டுக்குப் போனேன். வாசலில் கார் நின்றது. உள்ளே தொலைக்காட்சி சத்தம். மணியை அழுத்தினேன். கதவு திறக்கவில்லை. மணிதான் பேசியது.

“யெஸ் ஆன்ட்டி, சொல்லுங்க.”

ஆள் வீட்டுக்குள் இருக்கிறார். எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு கதவு. அதைத் திறக்காமல், சோபாவில் உட்கார்ந்துகொண்டு கைப்பேசி வழியாக என்னிடம் பேசுகிறார்.

“வெளிய வாங்க தம்பி.”

“என்ன விஷயம்னு சொல்லுங்க ஆன்ட்டி.”

“இதுகிட்ட சொல்லமாட்டேன். வெளிய வாங்க.”

வந்தார். பின்னால் அவர் மனைவியும் வந்தார். அந்தப் பையன் கெட்டவன் இல்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

“நாங்க திருடின்னு போடல ஆன்ட்டி. சும்மா அலெர்ட்தான்.”

“என் மூஞ்சிதானே போட்டீங்க.”

“நீங்கன்னு எங்களுக்குத் தெரியாது லா. புதுசா வந்திருக்கோம்.”

“கேட்டிருக்கலாம்ல.”

“கேட்டேனே ஆன்ட்டி. வீடியோலயே இருக்கே. நீங்கதான் பேசல.”

என் வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். “கையில பூ இருந்தா அவ பேசமாட்டா தம்பி. என்கிட்டயே பேசமாட்டா. காலையில அந்த அரை மணி நேரந்தான் எனக்கு நிம்மதி.”

அந்தப் பெண் சிரித்தது. பையனும் சிரித்தான். எனக்கு மூன்று பேர் மேலும் கோபம் வந்தது.

“சரி ஆன்ட்டி, நான் டிலீட் பண்ணிடுறேன்” என்று கைப்பேசியைத் தடவிப் பார்த்தார். “ஆனா ரொம்ப நாளாச்சு. என் போன்லதான் அழியும். எல்லார் போன்லயும் அழியாது.”

“உங்க போன்ல அழிஞ்சா எனக்கு என்ன? இவங்க முன்ன இருந்த அப்பெக் சொல்லித்தான் எடுத்தாங்க, தப்பா போட்டுட்டோம்னு நீங்க எழுதுங்க.”

“அது… எங்களுக்கு ஒரு மாதிரி ஆயிடும் ஆன்ட்டி. நீங்க எப்ப வேணும்னாலும் பூ எடுத்துக்குங்க. நாங்க ஒன்னும் சொல்லமாட்டோம்.”

“நான் பூ கேக்க வரல.”

அவர் காலணி முனையால் தரையைத் தேய்த்தார். அப்போதுதான் எனக்கு அது வாயில் வந்தது. திட்டம் போட்டுச் சொல்லவில்லை.

“அந்த வீடியோல நேரம் போட்டிருக்கு. நான் பார்டர் தாண்டிட்டேன்னு நீங்களே கத்திச் சொல்றீங்க. காலையில ஆறரைக்கே இந்த வீட்டுல ஆளில்லன்னு எரநூறு பேருக்கு இப்பத் தெரியும். அவங்க வேற யாருக்கு அனுப்புனாங்களோ.”

அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றது. “ஐயோ, நான் அன்னிக்கே சொன்னேன்ல” என்று கணவனைப் பார்த்தது. சொல்லியிருக்காது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஒரு மணி நேரத்தில் குழுத் தலைவரைப் பிடித்து, எல்லோர் கைப்பேசியிலிருந்தும் அந்த வீடியோவை அழிக்கவைத்தார்கள். என் பேருக்காக நாலு நாள் அழியாதது, அவர்கள் வீட்டுக் கதவுக்காக ஒரு மணி நேரத்தில் அழிந்தது. அது இருந்த இடத்தில் அழிக்கப்பட்டது என்று ஒரு சாம்பல் வரி. மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. பார்த்தவர்கள் கண்ணிலிருந்து எதுவும் அழியவில்லை.

அதனால் நானே பேசுவது என்று முடிவுசெய்தேன். எழுதினால் விரல் தடுமாறும். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குரல் பதிவு போட்டேன். இரண்டு முறை பாதியில் விட்டுவிட்டேன். மூன்றாவது முறை சொல்லி முடித்தேன்.

“வணக்கம். வீடியோல இருந்தது நான்தான். அந்த வீட்டு அப்பெக் சொல்லித்தான் இத்தன வருசமா பூ எடுத்தேன். சாமிக்கு. பூ கையில இருந்தா நான் பேசறதில்ல. இந்தத் தெருவுல மூனு வீட்டு சாவி எங்கிட்ட இருந்துச்சு. இப்ப ரெண்டு இருக்கு, என் சமையக்கட்டுல மாட்டியிருக்கேன். ஒரு பொருள் காணாம போனதில்ல. யாருக்காச்சும் சந்தேகம்னா வந்து வாங்கிக்குங்க.”

கோபமில்லை என்று முடிக்க நினைத்திருந்தேன். வாய் வரவில்லை.

அனுப்பிவிட்டுக் கைப்பேசியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம் எதுவும் வரவில்லை. பிறகு ஒருவர் டுரியான் விற்பனைக்கு என்று படம் போட்டார். அதற்குப் பிறகு முனை வீட்டுப் பையன் எழுதினான்: “ஆன்ட்டி, சாரி. ஆனா சாவி எங்க இருக்குன்னெல்லாம் குரூப்ல சொல்லாதீங்க. சேஃப்டி இல்ல.” அதற்கு முப்பது பேர் கட்டைவிரல் காட்டினார்கள். அவன் சொன்னது சரி. நான் அவன் வாசலில் நின்று எதற்காக அவனைக் குத்தினேனோ அதையே நானும் செய்திருக்கிறேன். அவனாவது ஒரு வீட்டைக் காட்டிக்கொடுத்தான். நான் இரண்டு வீடு.

அன்று மாலையே இரண்டு சாவியையும் எடுத்துக்கொண்டு போனேன். முதல் வீட்டில் உடனே வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வீட்டில் இருப்பவர் ஒரு ஆஸ்பத்திரித் தாதி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“அலமாக், எதுக்கு க்கா இதெல்லாம்? நான் கேக்கலயே. நீங்களே வச்சிக்குங்க.”

“சொல்லக்கூடாதத சொல்லிட்டேன்மா. நாளைக்கு ஏதாச்சும் ஆனா முதல்ல என் மூஞ்சிதான் வரும்.”

“யாரு க்கா சொல்லப் போறா?”

“எல்லாரும்.”

சாவியை அவர் செருப்பு அடுக்கின் மேல் வைத்துவிட்டு வந்தேன். கூப்பிட்டார். திரும்பவில்லை. வீட்டுக்கு வந்து குழுவிலிருந்தும் வெளியேறினேன். எப்படி வெளியேறுவது என்று தெரியாமல் என் வீட்டுக்காரரிடம்தான் கேட்டேன். அவர் சிரிக்காமல் செய்து கொடுத்தார்.

பூ இப்போது சந்தையில் வாங்குகிறேன். முனை வீட்டுப் பக்கம் போவதில்லை. எங்கள் வரிசையில் இன்னும் நாலு வீட்டில் அந்த வட்டக் கண் முளைத்துவிட்டது. குப்பை போடப் போனாலும் நீல வெளிச்சம் எரிகிறது. பத்தொன்பது வருடம் குடியிருந்த தெருவில் சோதனைச் சாவடியைத் தாண்டுகிற மாதிரி நடக்கிறேன். பாதுகாப்பு என்கிறார்கள். யாரிடமிருந்து என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரியின் பெயர் தெரியாது, அவள் எத்தனை மணிக்கு வாசலைக் கடந்தாள் என்று மட்டும் தெரியும்.

போன வாரம் மத்தியானம் நல்ல மழை. பார்சல்காரர் எதிர்வீட்டு டீச்சர் கேட்டுக்கு மேலே ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டுப் போனார். விரல் வைக்கிற பூட்டு கதவுக்குத்தான். கேட்டில் இன்னும் அதே பழைய பூட்டு. ஐந்து நிமிடத்தில் என் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்தே தன் வாசல் வட்டக் கண் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“அக்கா, பார்சல் மழையில நனையுது. கொஞ்சம் எடுத்து உள்ள வைக்க முடியுமா?”

ஜன்னலில் நின்று பெட்டியைப் பார்த்தேன். ஒரு பக்கம் ஏற்கெனவே கருத்து ஊறியிருந்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன்: “சாவி இல்ல.”

அனுப்பிவிட்டு, எங்கள் துணியை எடுக்கப் பின்பக்கம் போனேன்.